மலைச் சாலையும் பற்சக்கரப் பெட்டியும்

தென்காசியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை செங்கோட்டையைக் கடந்து மலையடிவாரத்தை அடையும் இடத்தில் புளியறை என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஒருபுறம் பசிய நெல்வயல்கள். மறுபுறம் வானை மறைத்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை. அம்மலையில் இயற்கை விட்டுவைத்த வாயிலே ஆரியங்காவுக் கணவாய். ஆனி, ஆடித் திங்களில் மேலைக் காற்று அவ்வாயிலின் வழியே நுழைந்து குற்றாலத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் சாரலைத் தூவும். காற்று வரும் அவ்வழியே மக்களுக்கும் வழியாயிற்று. முன்னாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டைப் பகுதி 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று தமிழகத்தோடு இணைந்தது. திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரின் வழியேதான் மலையேறிக் கேரளத்துக்குள் புகுகின்றது.

இச்சாலையோரத்தில் சிறிது நேரம் நிற்பவர், கண்ணை மூடிக்கொண்டே மலையேறும் வண்டி இன்னது என்று சொல்லிவிடலாம். பாரம் ஏற்றிய லாரி ஒன்று சரிவை நெருங்குகிறது. சமவெளியில் சீராக ஒலித்த அதன் குரல் ஒரு கணம் அடங்குகிறது. பின்பு முன்னினும் உரத்து எழுகிறது. எஞ்சின் முழங்குகிறது; வண்டியோ நடந்து செல்பவனின் வேகத்தில் ஊர்கிறது. அதன் பின்னே எடை குறைந்த விரைவுக் கார் ஒன்று வருகிறதென்று கொள்க. அதன் ஒலி சிறிதே மாறுகிறது. மறுகணம் அது வளைவுக்கு அப்பால் மறைந்துவிடுகிறது.

எஞ்சின் உரத்து முழங்கும்போது வண்டி மெல்லச் செல்வது ஏன்? ஒரே மலை ஒரு வண்டியை இவ்வளவு வருத்தி, மற்றொன்றை எளிதில் விட்டுவிடுவது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை, ஓட்டுநரின் இடக்கைக்குக் கீழே மறைந்து கிடக்கும் ஒரு பெட்டியில் உள்ளது. பற்சக்கரங்கள் நிறைந்த அப்பெட்டியைக் கியர்ப்பெட்டி என்பர்.

கியர்ப்பெட்டியின் தேவையை உணர, சாலைக்கு அருகே செல்லும் இருப்புப் பாதையை நோக்குதல் நன்று. 1904ஆம் ஆண்டில் இக்கணவாயின் வழியே புகைவண்டி ஓடத் தொடங்கியது. நீராவி எஞ்சினில் கியர்ப்பெட்டி கிடையாது. நின்ற நிலையிலேயே நீராவியின் அழுத்தம் உந்துதண்டை முழு வலிமையோடு தள்ள வல்லது. ஆதலின் அதன் சக்கரங்களை நேரே இயக்கலாம். மலை செங்குத்தாயின் வலிமையைப் பெருக்க வேறு வழியில்லை. ஆகவே, மீட்டர்ப் பாதை நாட்களில், வண்டித் தொடரின் பின்னால் மற்றோர் எஞ்சினைப் பூட்டித் தள்ளச் செய்தனர்.

பெட்ரோல் எஞ்சினின் இயல்பு வேறு. அது நின்ற நிலையில் ஒரு சிறிதும் இழுக்காது. நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளேனும் சுழன்றால்தான் அது உயிரோடு இருக்கும். பல ஆயிரம் சுற்றுகள் சுழன்றால்தான் தன் முழுத் திறனையும் தரும். வண்டிச் சக்கரமோ சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். விரைந்து சுழல விரும்பும் எஞ்சினையும் மெல்லத் தொடங்க வேண்டிய சக்கரத்தையும் உடன்படுத்தி வைக்கும் நடுவராகவே கியர்ப்பெட்டி அமைந்தது.

அந்நடுவர் செய்வது ஒரு பண்டமாற்று. இருபது பற்கள் உடைய சிறு சக்கரம் அறுபது பற்கள் உடைய பெருஞ்சக்கரத்தைத் திருப்புகிறதென்று கொள்க. சிறியது மூன்று முறை சுழன்றால் பெரியது ஒருமுறை சுழலும். வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் திருப்புவிசை மூன்று மடங்காகப் பெருகியது. எதுவும் இலவசமாகக் கிடைக்கவில்லை. வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்கினோம், அவ்வளவே. உரசலால் ஏற்படும் சிறு இழப்பே இப்பண்டமாற்றின் தரகு.

மலைச் சாலையும் இதே பண்டமாற்றைத்தான் செய்கிறது. புளியறைக்கு மேலே சாலை நேராக ஏறாமல் வளைந்து நெளிந்து ஏறுகிறது. அவ்வளைவுகளுள் ஒன்றை ஆங்கில எழுத்தின் வடிவம் கருதி ‘எஸ் வளைவு’ என்றே மக்கள் வழங்குகின்றனர். வளைவினால் தொலைவு கூடுகிறது; சரிவு குறைகிறது. தொலைவைக் கொடுத்து எளிமையை வாங்கிய அச்சாலையை, மண்ணிலும் கல்லிலும் அமைத்த கியர் என்று கூறினும் மிகையாகாது.

ஆயினும், வளைந்த சாலையிலும் வண்டிகள் சுமக்கும் சுமை ஒன்றன்று. பதினைந்து மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் சரிவில் 25,000 கிலோகிராம் எடையுள்ள லாரியை மேலேற்ற, ஏறத்தாழ 1,670 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை வேண்டும். அதே சரிவில் 600 கிலோகிராம் எடையுள்ள காருக்கு 40 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையே போதும். சாலையின் உராய்வும் காற்றின் தடையும் இக்கணக்கில் சேரா. லாரியை மலை வருத்துவதற்கும் காரை எளிதில் விட்டுவிடுவதற்கும் காரணம் இதுவே.

இனி, எடை குறைந்த விரைவுக் காருக்கு எத்தகைய கியர்ப்பெட்டி வேண்டும் என்பதை ஆராயலாம். எஞ்சின் வலியது, வண்டி மெலியது, ஆகவே எந்தப் பெட்டியும் பொருந்தும் என எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் பிழையானது. வலிமை மிகுந்த இடத்தில்தான் தேர்வு நுட்பமாகிறது.

கணக்குக்காக ஒரு காரைக் கற்பனை செய்க. ஓட்டுநரோடு அதன் எடை 600 கிலோகிராம். எஞ்சினின் திறன் 200 குதிரைத்திறன். அது நிமிடத்துக்கு 6,000 முதல் 8,000 சுற்றுகள் வரை நன்கு இழுக்கும். அதற்குக் கீழே சோர்ந்துவிடும். மேலே சென்றால் சிதையும். அதன் திருப்புவிசை 20 கிலோகிராம்-மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பின் நுனியில் 20 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ அவ்வளவு. சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி 1.8 மீட்டர் முன்செல்லும்.

முதலில் தேர வேண்டியது கடைசிக் கியர். இக்கார் எட்டக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 216 கிலோமீட்டர் என்று கொள்வோம். அது நொடிக்கு 60 மீட்டர். அவ்வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 2,000 முறை சுழலும். எஞ்சினோ 8,000 முறை சுழல வேண்டும். எனவே எஞ்சின் நான்கு சுற்றுச் சுழன்றால் சக்கரம் ஒரு சுற்றுச் சுழலும் வகையில் கடைசிக் கியர் அமைதல் வேண்டும். இந்த நான்கை அக்கியரின் விகிதம் என்பர்.

இவ்விகிதத்தை மூன்றாகக் குறைத்தால் வண்டி இன்னும் விரைந்து ஓடாதோ எனச் சிலர் வினவலாம். ஓடாது. மூன்று என்னும் விகிதத்தில் 216 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது எஞ்சின் 6,000 சுற்றுகளே சுழலும். அந்நிலையில் அதன் முழுத் திறனும் வெளிப்படாது. காற்றின் தடையை எதிர்த்துத் தள்ளவும் வலு இராது. ஆகவே பழைய வேகத்தைக்கூட அது எட்டாது. அளவுக்கு மிஞ்சி உயர்ந்த கியர் வேகத்தைக் கூட்டுவதன்று, குறைப்பதேயாம்.

அடுத்துத் தேர வேண்டியது முதற் கியர். அன்றாடப் பயணத்துக்குரிய சாதாரணக் கார்களில் இதன் விகிதம் பதினான்கை ஒட்டி இருப்பதுண்டு. அதனையே இங்கும் பொருத்தினால் என்ன ஆகும்? 20 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசை பதினான்கு மடங்காகிச் சக்கரத்தின் விளிம்பில் 980 கிலோகிராம் எடைக்கு நிகரான தள்ளுவிசையாக வெளிப்படும். ஆனால், டயர் சாலையைப் பற்றிக்கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. 600 கிலோகிராம் எடையுள்ள வண்டியின் பின்சக்கரங்கள் 450 கிலோகிராம் அளவுக்கு மேல் தள்ளினால் பற்று விட்டுவிடும். அப்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று புகையும், வண்டி முன்செல்லாது. பாதிக்கு மேற்பட்ட விசை வீணாகும்.

ஆகவே இக்காருக்கு முதற் கியரின் விகிதம் எட்டு என்று அமைந்தாலே போதும். அப்போதும் தள்ளுவிசை 560 கிலோகிராம் அளவினதாகும். எல்லையை மீறும் அச்சிறு மிகுதியை ஓட்டுநரின் கால் அடக்கிக்கொள்ளும். வண்டி எடை குறைந்ததாதலால், இவ்வளவு உயர்ந்த முதற் கியரிலும் கிளட்சை மெல்ல விடுத்து அதனை நகர்த்திவிடலாம். முதற் கியரிலேயே அது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும்.

முதற் கியர் எட்டு. கடைசிக் கியர் நான்கு. இரண்டுக்கும் இடையே இருமடங்கே வேறுபாடு. சாதாரணக் காரில் இவ்வேறுபாடு ஏறக்குறைய நான்கு மடங்கு. பாரவண்டியில் ஆறேழு மடங்கும் அதற்கு மேலும் உண்டு. எடை மிகுந்து திறன் குறைந்த வண்டிக்குக் கியர்களின் வீச்சு அகன்றிருக்க வேண்டும். எடை குறைந்து திறன் மிகுந்த வண்டிக்கு அது சுருங்கியிருக்க வேண்டும். தேர்வின் முதல் விதி இது.

அவ்வீச்சினை எத்தனை படிகளாகப் பகுப்பது? ஒரு கியரிலிருந்து மேற்கியருக்கு மாறும்போது எஞ்சினின் சுழற்சி திடீரெனக் குறையும். குறைந்தாலும் அது நன்கு இழுக்கும் எல்லைக்குள்ளேயே விழவேண்டும். எட்டு, ஆறேகால், ஐந்து, நான்கு என நான்கு கியர்கள் அமைத்தால், 8,000 சுற்றில் மாற்றும் ஒவ்வொரு முறையும் சுழற்சி 6,200 அல்லது 6,400 அளவில் வந்து நிற்கும். இந்த எஞ்சின் 6,000 சுற்றிலிருந்தே நன்கு இழுப்பதால் நான்கு கியர்கள் போதும். 7,000 சுற்றுக்கு மேலேதான் வலிமை காட்டும் எஞ்சினாயின் ஆறு கியர்கள் வேண்டியிருக்கும். எனவே கியர்களின் எண்ணிக்கையை முடிவு செய்வது எஞ்சினின் இயல்பேயன்றி, வாங்குபவரின் ஆசையன்று.

கியர் மிகுந்தால் குற்றமென்ன என்று கேட்கலாம். கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு பற்சக்கர இணையும் எடையைக் கூட்டும், உராய்வைக் கூட்டும். கியர் மாற்றும் நேரத்தில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுவதில்லை. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், அரைநொடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும். தேவையற்ற ஒரு கியர் மாற்றம், அத்தனை தொலைவையும் உந்துதலின்றிக் கழிக்கச் செய்கிறது.

இனிப் பெட்டியின் உறுதியை நோக்குக. வலிய எஞ்சினுக்கு வலிய பற்கள் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் பற்களை முறிப்பது எஞ்சின் மட்டுமன்று. எதிர்த்து நிற்கும் வண்டியின் எடையும் ஆகும். எடை மிகுந்த வண்டியில் சக்கரம் சாலையை இறுகப் பற்றும், எஞ்சின் திருப்பும், இரண்டுக்கும் இடையே அகப்பட்ட பல் முறியும். எடை குறைந்த வண்டியிலோ, பல் முறியும் நிலை வருமுன் டயர் வழுக்கிவிடும். வழுக்கும் டயர் பற்சக்கரத்தைக் காக்கிறது. பெரிய காரில் தாங்காத பெட்டி சிறிய காரில் நெடுநாள் உழைப்பதன் காரணம் இதுவே.

உலகப் புகழ்பெற்ற பந்தயக் கார்கள் சில இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்கின்றன. இங்கிலாந்து நாட்டின் கூப்பர் நிறுவனம் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னே வைத்துச் சிறிய, மெலிந்த கார்களைக் கட்டியது. அவற்றின் கியர்ப்பெட்டி, சித்ரோயன் என்னும் பிரெஞ்சுக் குடும்பக் காரின் பெட்டியை அடிப்படையாகக் கொண்டது. அக்கார்களைக் கொண்டே ஜாக் பிராபம் 1959ஆம் ஆண்டில் உலகப் பந்தய வீரர் பட்டத்தை வென்றார். அதே காலத்தில் மைக் ஹியூலண்டு என்னும் ஆங்கிலப் பொறியாளர், மக்கள் காராகிய வோக்ஸ்வாகனின் கியர்ப்பெட்டி உறையை எடுத்து, அதனுள் தாம் வெட்டிய பற்சக்கரங்களைப் பொருத்திப் பந்தயக் கார்களுக்கு வழங்கினார். முப்பது குதிரைத்திறன் அளவிலான எஞ்சினுக்காக வார்த்த உறை, அதனினும் பன்மடங்கு வலிய எஞ்சின்களுக்கும் ஈடுகொடுத்தது. வண்டி மெலிந்திருந்ததே அதற்குத் துணை.

பற்களின் வடிவிலும் தேர்வு உண்டு. சாய்வாக வெட்டிய பற்கள் ஓசையின்றி ஓடும். ஆனால் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். நேராக வெட்டிய பற்கள் இரைச்சலிடும்; ஆனால் பக்கத்தில் தள்ளா. நாடோறும் குடும்பத்தோடு செல்லும் காருக்கு முன்னது ஏற்றது. பந்தயக் காருக்குப் பின்னது ஏற்றது. 1891ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் லெவாசர் அமைத்த பழைய கியர்ப்பெட்டியில், சுழலும் சக்கரங்களை நகர்த்தி ஒன்றோடொன்று கோக்க வேண்டியிருந்தது. பற்கள் மோதிக் கதறும். 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில், சுழற்சிகளைச் சமன்செய்த பின்பே இணைக்கும் அமைப்பு வந்தது. அதனால் பெட்டியைக் கையாளுதல் யாவர்க்கும் எளிதாயிற்று.

தமிழகத்திலும் இக்கலை வளர்ந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அவற்றை நடத்தியது. வெளிநாட்டுக் கார்களும் உறுப்புகளும் எளிதில் கிடைக்காத காலம் அது. ஆகவே ஆர்வலர்கள், உள்நாட்டில் கிடைத்த பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய கார்களைத் தம் கையாலேயே திருத்தி ஓட்டினர். விரும்பிய பெட்டியைத் தேர்வதன்று அவர்தம் நிலை. கிடைத்த பெட்டிக்கு ஏற்ப வண்டியை அமைப்பதே ஆகும்.

அம்மரபில் தோன்றியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன். பந்தய வீரராகவும் கார் வடிவமைப்பாளராகவும் விளங்கிய அவர், 1980களின் இறுதியில், மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைக் கொண்டு ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை உருவாக்கினார். பெருஞ்செல்வர் அல்லாத இளைஞரும் பந்தயக் கலையைக் கற்க அது வழி திறந்தது. 1995ஆம் ஆண்டில் சிறு விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் அமைந்த பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி எஞ்சின் பூட்டிய அக்கார்களில் பயின்ற கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார்.

பந்தயத் தளம் மாறினால் தேர்வும் மாறும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளம் 3.7 கிலோமீட்டர் நீளமுடையது. கோவைத் தளம் அதனினும் சிறியது. நீண்ட நேர்பாதையில் 216 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் கார், குறுகிய தளத்தில் 160 கிலோமீட்டரை மட்டுமே எட்டக்கூடும். அங்கே நான்கு என்னும் கடைசிக் கியர் பயன்படாமலே கிடக்கும். அதனை நீக்கி 5.4 என்னும் விகிதத்தை அமைத்தால், 160 கிலோமீட்டர் வேகத்திலேயே எஞ்சின் முழுத் திறனோடு உழைக்கும். கார் அதுவே, எஞ்சின் அதுவே, ஓட்டுநரும் அவரே. எனினும் பந்தயம் தொடங்குமுன், பணிமனையில் பெட்டியைத் திறந்து தேர்வைச் செய்து முடிக்க வேண்டும். கொடி அசைந்த பின்பு பற்சக்கரத்தை மாற்ற இயலாது.

‘முன்னரே தேர்க’ என்னும் இப்பாடம் பந்தய வீரர்க்கு வெற்றியைத் தருவது. புளியறை மலையில் லாரி ஓட்டுபவர்க்கோ அது உயிரையே காப்பது.

ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்று எண்ணுவது மலைச் சாலையை அறியாதவர் இயல்பு. 25,000 கிலோகிராம் எடையுள்ள லாரி நூறு மீட்டர் உயரம் இறங்குகிறதென்று கொள்க. வேகம் கூடாதவாறு அதனை அடக்கிப் பிடிக்க, 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக்கூடிய வெப்பத்தை எங்கேனும் போக்க வேண்டும். பிரேக்கை மட்டும் அழுத்தி இறங்கினால் அவ்வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக்கிலேயே சேரும். பிரேக்குக் காய்ந்து பற்றை இழக்கும். பின்னர் எவ்வளவு அழுத்தினும் வண்டி நில்லாது. 600 கிலோகிராம் எடையுள்ள விரைவுக் காருக்கோ இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கும் வெப்பமே எழும். இலேசான கார் செய்வதைப் பார்த்துப் பாரவண்டியும் செய்தல் ஆகாது என்பதன் காரணம் இக்கணக்கில் விளங்கும்.

பாரவண்டிக்குத் துணை கியர்ப்பெட்டியே. தாழ்ந்த கியரில் இறங்கும்போது பண்டமாற்று தலைகீழாக நடைபெறும். எஞ்சின் சக்கரத்தைத் திருப்புவதற்கு மாறாக, சக்கரம் எஞ்சினைத் திருப்பும். விரைந்து சுழலும் எஞ்சின் அச்சுமையின் பெரும்பகுதியைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். பிரேக்கு ஓய்வெடுத்துத் தேவையான இடத்தில் மட்டும் உதவும். “எந்தக் கியரில் ஏறுகிறாயோ அந்தக் கியரிலேயே இறங்கு” என்பது மலைச் சாலை ஓட்டுநர்கள் வழிவழியாகக் கற்பித்து வந்த விதி. இக்கால லாரிகளின் எஞ்சின் வலியது. உயர்ந்த கியரிலேயே அவை ஏறிவிடும். ஆதலால், ஏறிய கியரினும் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டிய நிலையும் உண்டு.

எரிபொருளை மிச்சப்படுத்தக் கருதிக் கியரை விடுத்து நியூட்ரலில் இறங்குவோரும் உளர். அதைவிடப் பேதைமை வேறில்லை. அந்நிலையில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அற்றுவிடுகிறது. வேகம் மிகுந்த பின் தாழ்ந்த கியரை இட முயன்றால் பற்கள் இணங்கா, கியர் விழாது. மிச்சமாகும் என்று எண்ணிய எரிபொருளும் மிச்சமாவதில்லை. இக்கால எஞ்சின்கள், கியரில் இறங்கும் வண்டியில் ஓட்டுநர் காலை எடுத்தவுடன் எரிபொருளை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் இறங்கினாலோ எஞ்சினை அணையாமல் வைத்திருக்கச் சிறிது எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும்.

மலைச் சாலையின் பிழை சாலையோடு முடிவதுமில்லை. 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு நள்ளிரவு. கேரளத்திலிருந்து தூத்துக்குடி நோக்கி ஒட்டுப்பலகை ஏற்றி வந்த லாரி ஒன்று, புளியறை எஸ் வளைவில் கட்டுப்பாட்டை இழந்து கீழே உள்ள இருப்புப் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் உயிர் இழந்தார். அவ்வழியே தொடர்வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அருகில் குடியிருந்த முதிய கணவனும் மனைவியும் ஓசை கேட்டு ஓடிவந்தனர். கையில் இருந்த மின்விளக்கை அசைத்தவாறே தண்டவாளத்தின் வழியே இருளில் ஓடி, வண்டியை உரிய நேரத்தில் நிறுத்தினர். அவர்தம் துணிவைப் போற்றித் தமிழக அரசு பரிசு வழங்கியது. அன்றைய விபத்துக்குக் காரணம் எதுவாயினும் ஆகுக. அவ்வளைவில் வண்டி ஒன்று கட்டுப்பாட்டை இழந்தால், ஆபத்து அதனை ஓட்டியவரோடு நிற்பதில்லை என்பதை அந்த இரவு உணர்த்தியது.

ஆதலால்தான் அறிவுடைய ஓட்டுநர், கணவாயின் உச்சியில், சாலை இறங்கத் தொடங்குமுன், வண்டியை மெதுவாக்கித் தாழ்ந்த கியரை இடுகிறார். பந்தயக் கார் அமைப்பவர் பணிமனையில் தாளும் எழுதுகோலும் கொண்டு செய்யும் தேர்வை, இவர் ஒரு கணத்தில் தம் கையால் செய்கிறார். வண்டியின் எடை எவ்வளவு, எஞ்சினின் வலிமை எவ்வளவு, எதிரே உள்ள பாதை எத்தகையது என்னும் மூன்றையுமே இருவரும் எண்ணிப் பார்க்கின்றனர். இருவரும் அதனைக் காலம் தாழ்த்தாமல் செய்கின்றனர்.

இன்றும் புளியறைச் சாலையில் மலையிறங்கும் லாரிகளின் முழக்கத்தைக் கேட்கலாம். வேகம் சிறிது, ஒலி பெரிது. விரைந்து வீடு சேர விரும்பும் வழிப்போக்கருக்கு அவ்வொலி வெறும் இரைச்சலாகத் தோன்றக்கூடும். அடிவாரத்தில் வாழ்பவர்க்கோ அது ஆறுதல் தரும் ஒலி. தாழ்ந்த கியரில் எஞ்சின் சுமையைத் தாங்கிக்கொண்டு வருகிறது. வண்டி ஓட்டுநரின் கைக்குள் இருக்கிறது என்று அது அறிவிக்கிறது.